கடலை உருண்டையும் ஐந்தொகையும்



இவ்வாண்டுச் சொற்பொழிவை நிகழ்த்த வேண்டுமென்று எனக்குக் கடிதம் வந்தபோது, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையிலேயே தலை நரைத்துப்போன ஒருவன், வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடைகூட வைத்து நடத்தியறியாதவன், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவைப் போதிப்பது பற்றிப் பேச என்ன யோக்கியதை உடையவன் என்ற சந்தேகமே முதலில் எழுந்தது. ஆனால் இவ்விஷயத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற சம்பளக்காரர்களே என்பதையும், கடை வைத்திருக்கிறவர்களுக்குப் பேச நேரமில்லை என்பதையும் எண்ணிப் பார்த்துத் துணிந்து ஒப்புக்கொண்டேன். நான் சொல்லப் போவது தத்துவமன்று. ஒரு வகுப்பறையில் நடந்ததும், அதை விளங்கிக்கொள்வதற்காகப் பின்னோக்கிப் போய் நான் தேடிப் பார்த்ததுமே.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்பு, பொருநைக்கரைக் கிராமமொன்றின் பள்ளியில், எட்டாம் வகுப்புக்கு வாரம் இருமுறை கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்வந்தேன். அவ்வாண்டு பள்ளியில் ஒரு சந்தை நாள் வைப்பதென்று தீர்மானமாயிற்று; பிள்ளைகள் தாமே ஒரு பண்டத்தைச் செய்து, தாமே விற்று, தாமே கணக்கு எழுத வேண்டும். என் வகுப்பின் 38 பிள்ளைகள் நெடுநேரம் வாதாடிக் கடலை உருண்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாக 500 ரூபாய் நான் கடன் கொடுத்தேன். 3 கிலோ நிலக்கடலை 360 ரூபாய், 2 கிலோ வெல்லம் 120 ரூபாய், ஏலமும் சுக்கும் 20 ரூபாய் என்று முதல் முழுவதும் ஒரே மாலையில் பண்டமாகிவிட்டது.

கடலை உருண்டை பிடிப்பது தின்பதைப் போல எளிதான காரியமன்று. கடலையை மணலிலிட்டு வறுத்து, சூடு ஆறுமுன் தேய்த்து, முறத்திலிட்டுப் புடைத்துத் தோலை நீக்க வேண்டும். வெல்லத்தைத் தட்டிக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பேற்றிப் பாகு காய்ச்ச வேண்டும். பாகில் ஒரு துளியைத் தண்ணீரிலிட்டு உருட்டித் தட்டில் போட்டால் ணங்கென்று ஓசை கேட்க வேண்டும். அந்த ஓசைக்கு ஒரு நொடி முந்தினால் உருண்டை இளகிக் கையோடு ஒட்டும், ஒரு நொடி பிந்தினால் கல்லாகிவிடும். பிறகு அரிசிமாவைக் கையில் தொட்டுக்கொண்டு, சூட்டோடு சூடாகப் பிடித்துவிட வேண்டும். முதல் ஈடு பதம் தப்பிப்போய், பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வகுப்பிலிருந்த மூன்று பெண் குழந்தைகளின் தாய்மார் வந்து காரியத்தை ஏற்றுக்கொண்டு, ஒரு நாள் பகல் முழுவதும் உட்கார்ந்து 240 உருண்டைகள் பிடித்துக் கொடுத்தார்கள்.

ஒன்று 3 ரூபாய் வீதம் அத்தனையும் விற்றுப்போயின. வரவு 720, செலவு 500, லாபம் 220 என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டபோது வகுப்பு கைதட்டிற்று. எனக்கும் உள்ளூரப் பெருமிதந்தான். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், நேத்து எங்கம்மா பீடி சுத்தல. 80 ரூவா போச்சுன்னு ஆத்தாகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தா. அதை எங்க எழுத?" என்று கேட்டாள்.

நான் அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கோடு போட்ட கணக்கை அழிப்பது ஆசிரியனுக்கு அவ்வளவு இன்பமான காரியமன்று. ஆயினும் அழித்தோம். மூன்று தாய்மாரின் கூலி ஆளுக்கு 80 வீதம் 240, அடுப்பெரித்த எரிவாயுவுக்கு அவர்களையே கேட்டு வைத்துக்கொண்ட மதிப்பு 60, ஆக 300. லாபமென்று நாங்கள் கைதட்டிய 220 ரூபாய், 80 ரூபாய் நஷ்டமாக மாறிக் கரும்பலகையில் நின்றது. அந்த நஷ்டத்தை அதுவரை சுமந்துகொண்டிருந்தவர்கள் கணக்கிலேயே இல்லாத மூன்று பெண்கள்.

இன்றைக்கு நாட்டில் பள்ளிக்குப் பள்ளி நடக்கும் இவ்வகைச் சந்தைகளில், கணக்கை இவ்வளவு தூரம் கொண்டுபோவது எத்தனை இடத்தில் நடக்கிறதோ நானறியேன். ஆனால் என்னுடைய அபிப்பிராயம் இந்தக் கரும்பலகையிலிருந்தே பிறந்தது. பிள்ளைக்குத் தொழில்முனைவு கற்பிப்பதென்றால், துணிவையும் பேச்சுச் சாதுரியத்தையும் விளம்பரத் தட்டி எழுதும் சாமர்த்தியத்தையும் கற்பிப்பதென்றே பலர் எண்ணுகிறார்கள். அவையெல்லாம் நல்லவையே, சில பிள்ளைகளுக்கு அவை கருவிலேயே அமைந்தும் விடுகின்றன. கற்பித்தாலன்றி வாராதது கணக்கு ஒன்றுதான். அதிலும், எழுதாமல் விட்டதை எழுதும் கணக்கு.

இதற்கு நம்மிடம் முன்மாதிரி உண்டா என்று தேடினால் திண்ணைப் பள்ளிக்கூடம் முதலில் நினைவுக்கு வருகிறது. தெருவைப் பார்த்த திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் எழுதி, எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவன், முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி என்றால் 80இல் ஒன்று, மா என்றால் 20இல் ஒன்று என்று தூக்கத்திலும் சொல்லுவான். நெல்லும் பொன்னும் நிலமும் அளக்கும் கணக்கே அவனுக்குப் பாடம். ஆனால் அங்கே அவன் கணக்கைக் கற்றானேயொழியக் கடையைக் கற்றானில்லை. கடையைக் கற்க வேண்டியவன் வேறிடம் போனான். வணிகரான நகரத்தார் குடும்பத்துப் பையன்கள் கடல் கடந்த கிட்டங்கிகளில், அதாவது தொழில் நடக்கும் கடைகளில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, சிட்டையில் பதிவதையும் சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவதையும் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, திறமையிருந்தால் மேலாளாகி, பெரும்பாலும் மூன்றாண்டுக்கொரு முறை கணக்கு முடித்து ஊர் திரும்பினார்கள். வரவு செலவுகளையும் இருப்பையும் நிலுவையையும் ஒரே பார்வையில் காட்டும் ஏட்டை அவர்கள் ஐந்தொகை என்று வழங்கினார்கள். கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளில் அச்சொல்லைக் கேட்டறிந்தவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் வருத்தமே மிஞ்சும்.

இந்தப் பயிற்சியின் குறையும் வெளிப்படையானது. அது குலத்துக்குள் அடைபட்ட கல்வி. பீடி சுற்றும் தாயின் மகளுக்கு எந்தக் கிட்டங்கியிலும் பெட்டியடி கிடைத்திராது. குலம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து வைக்கும் எண்ணம் இந்நாட்டில் பெரிய அளவில் உருவெடுத்தது 1937இல்தான்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் 22, 23 தேதிகளில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் தம் யோசனையை முன்வைத்தார். ஏதேனும் ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து, அதைச் சுற்றியே ஏனைய பாடங்களைப் பின்ன வேண்டும்; பிள்ளைகள் செய்த பண்டத்தின் வருவாய் ஆசிரியர் சம்பளத்துக்கு உதவ வேண்டும் என்பது அதன் சாரம். பாடத்திட்டம் வகுக்க டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழு வகுத்த நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளியில், கைத்தொழிலுக்கு மட்டும் 3 மணி 20 நிமிஷம் ஒதுக்கப்பட்டது. தாய்மொழிக்குக் கிடைத்தது 40 நிமிஷம். அக்குழுவில் நமக்கு உறவுள்ளவர்கள் இருவர் இருந்தனர். ஒருவர், இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். தாகூரின் சாந்திநிகேதனத்தில் பணியாற்றிவிட்டு, மனைவியார் ஆஷாதேவியோடு சேவாகிராமத்துக்கு வந்து, இக்கல்வியையே தம் வாழ்வாக்கிக்கொண்டவர். மற்றொருவர், 1892இல் தஞ்சையில் பிறந்து, லண்டனில் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் அத்தொழிலையே நடத்திப் பின்பு காந்தியடிகளிடம் வந்து சேர்ந்த ஜே. சி. குமரப்பா. பள்ளிப்பிள்ளைகளின் கல்வியை வகுக்கும் சபையில் ஒரு கணக்குப் பரிசோதகர் உட்கார்ந்திருந்தார் என்ற செய்தி எனக்கு எப்போதும் ஓர் ஆறுதலைத் தருவது.

மாநாட்டிலேயே ஆட்சேபங்கள் எழுந்தன. பொருளாதார அறிஞர் கே. டி. ஷா எழுப்பிய ஆட்சேபம் கூர்மையானது: அரசாங்கம் இடமும் கருவியும் மூலப்பொருளும் கொடுத்துப் பிள்ளைகள் செய்யும் பண்டம், கடன் வாங்கித் தொழில் செய்யும் கைவினைஞனின் பண்டத்தோடு சந்தையில் போட்டிக்கு நின்றால், அந்த ஏழையின் கதி என்ன என்பது. குழுவும் தன் அறிக்கையில், வருவாயில் கண் வைத்து ஆசிரியர் பிள்ளைகளின் உழைப்பைப் பிழிந்துவிடக் கூடாதே என்று எச்சரித்தது. பள்ளி தன் செலவைத் தானே ஈட்டாவிட்டாலும் இக்கல்வி கல்வியென்ற முறையிலேயே ஏற்கத்தக்கது என்றும் சொல்லிற்று. ஆதாரக் கல்வி என்று பெயர் பெற்ற இத்திட்டத்தை 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் ஏற்றது.

அத்திட்டத்தின் பயனை நானே அனுபவித்தவன். என் சிறுவயதில் எங்கள் ஆதாரப் பள்ளியில் பிள்ளைக்கொரு தக்களி உண்டு. பஞ்சைப் பட்டையிட்டு நூற்று, நூற்றதைச் சிட்டமாகச் சுற்றி, பெயர் எழுதிய சீட்டைக் கட்டி ஆசிரியரிடம் ஒப்படைப்போம். அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவார். மூன்று வருஷம் நூற்றேன். ஒரு கோடை விடுமுறைக்குப் பின் அலமாரியைத் திறந்தபோது சிட்டங்களுக்கு நடுவே எலி குட்டி போட்டிருந்தது. எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. ஒரு சிட்டம் என்ன விலை பெறும், அதற்கான பஞ்சுக்கு என்ன கொடுத்தார்கள், யார் வாங்குவார்கள் என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. அவரையும் குறைகூற மாட்டேன். அவருக்குக் கிடைத்த பயிற்சியில் தக்களி இருந்தது, சந்தை இல்லை.

இந்தச் சரித்திரத்தில் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1953இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பை நாளுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, மீதி வேளையில் பெற்றோரின் தொழிலைப் பழக அனுப்பிற்று. செருப்புத் தைப்பவர் மகன் செருப்பையும், சலவை செய்பவர் மகன் சலவையையும் பழகினால், அதற்குக் கல்வியென்ற பெயர் எதற்கு என்று நாடு கொதித்தெழுந்தது. குலக்கல்வி என்ற பெயரே நிலைத்தது. 1954இல் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். அவர் விருதுநகரில் வணிகப் பெருமக்கள் தம் மகமையாலும், இல்லந்தோறும் எடுத்த பிடியரிசியாலும் வளர்த்த பள்ளியில் படித்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, படிப்பை நிறுத்தி, மாமனின் துணிக்கடையில் உட்கார்ந்தவர். கடையில் கற்கக்கூடியது என்ன, பள்ளியை இழந்து கடையில் உட்கார்ந்தவன் இழப்பது என்ன என்ற இரண்டையும் அவரளவு பிரத்தியட்சமாக அறிந்தவர் கோட்டையில் வேறொருவர் இருந்திருக்க முடியாது. கைத்தொழிற் கல்வியைப் பற்றி யார் பேசினாலும் தமிழ்நாட்டில் இன்றும் ஒரு சந்தேகப் பார்வை எழுவதற்கு அந்த ஓராண்டே காரணம். அந்தச் சந்தேகம் நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

பிறகு வந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு பணி அனுபவம் என்றது. 1977இல் ஈசுவரபாய் படேல் குழு சமூகத்துக்குப் பயனுள்ள ஆக்க வேலை என்று பெயரை நீட்டிற்று. பெயர் நீண்ட அளவுக்கு வேலை நீளவில்லை. பிள்ளைகளின் கைவேலையென்று ஆண்டிறுதியில் என் மேசைமேல் வந்து குவிந்த பொம்மைகளில் பாதி, கடைத்தெருவில் தகப்பனார் வாங்கிக் கொடுத்தவை என்பது எனக்கும் தெரியும், தகப்பனாருக்கும் தெரியும். இருவரும் மரியாதையாகச் சிரித்துக்கொள்வோம்.

வெளிநாட்டில் இதே காரியம் வேறு வழியில் நடந்தது. 1919இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், தொலைபேசிக் கம்பெனித் தலைவர் தியோடர் வெயிலும் காகித ஆலை முதலாளி ஹொரஸ் மோசசும் முன்னாள் செனட்டர் முர்ரே கிரேனும் சேர்ந்து ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பள்ளி நேரத்துக்குப் பின் கூடி, சிறு கம்பெனி ஒன்று அமைத்து, அண்டை வீட்டாரிடம் பங்கு விற்று முதல் திரட்டி, பண்டம் செய்து விற்று, ஆண்டு முடிவில் கணக்கு முடித்துப் பங்குதாரருக்குரியதைத் திருப்பிக் கொடுத்துக் கம்பெனியைக் கலைத்துவிட வேண்டும். முதலாளிகள் தம் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி ஊர்ப் பிள்ளைகளுக்கும் தம் வித்தையைக் கற்பிக்க முன்வந்ததில் தன்னலமும் கலந்திருக்கலாம். கலைத்துவிட வேண்டுமென்ற அந்த ஒரு விதிக்காக நான் அவர்களை மெச்சுகிறேன். நகரத்தாரின் மூன்றாண்டுக் கணக்கு முடிப்புக்கும் அதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முடிக்கப்படாத கணக்கில் எவனும் தன்னை லாபக்காரன் என்றே நம்பிக்கொண்டிருப்பான்.

அண்மையில் டில்லி அரசாங்கம் 2019இல் தொழில்முனைவு மனப்பாங்குக்கென்று பாடத்திட்டம் வகுத்து, 2021இல் அரசுப் பள்ளிகளின் 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் வரை முதல் கொடுத்துத் தொழில் நடத்திப் பார்க்கச் சொல்லிற்று. ஏழைப் பிள்ளையின் கையில் அரசாங்கம் நம்பிக்கையோடு பணம் கொடுத்ததே பெரிய காரியம். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் சிறந்த யோசனைகளைப் பொறுக்கித் தொலைக்காட்சியில் காட்டிப் பரிசும் மூலதனமும் வழங்கியபோது, மேடையேறியவர்கள் வென்றவர்களே. முதலை இழந்த பிள்ளையின் ஏட்டை யாரேனும் பொறுமையாக உட்கார்ந்து அவனோடு சேர்ந்து படித்திருந்தால், அந்தக் காட்சியைத்தான் நான் முதலில் பார்க்க விரும்பியிருப்பேன்.

எங்கள் கரும்பலகைக்கே திரும்புகிறேன். 80 ரூபாய் நஷ்டத்தைப் பார்த்துச் சற்று நேரம் பேசாதிருந்த வகுப்பில், ஒரு பையன் சட்டென்று வழி கண்டுபிடித்தான். "உருண்டையைக் கொஞ்சம் சின்னதாப் பிடிச்சா 270 வரும் சார், யாருக்குத் தெரியப் போகுது?" 30 உருண்டை, 90 ரூபாய், நஷ்டம் தீர்ந்து 10 ரூபாய் லாபமும் நிற்கும் என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிட்டான். இந்த இடத்தில், கொடுப்பதைக் குறைத்துக் கொடாத பட்டினப்பாலை வணிகரை எடுத்துக்காட்டி ஓர் உபதேசம் செய்யலாமென்று எனக்கு நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். நல்லதாயிற்று. ஏனென்றால் அவனுக்குப் பதில் பள்ளி வாசலிலிருந்து வந்தது.

வாசல் வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, நெல்லிக்காயும் மாங்காய்ப் பத்தையும் கடலை மிட்டாயும் விற்கும் ஆச்சி ஒருவர், சந்தை நாளுக்கு மறுநாள் என்னை நிறுத்தி, "நேத்து எனக்கு ஒரு மிட்டாய்கூட ஓடல சார். உங்க பிள்ளைகளுக்கு முதலுக்கு வட்டி உண்டா? எனக்கு உண்டு" என்றார். கே. டி. ஷா எழுப்பிய ஆட்சேபம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்ததை அத்தனை நாளும் கடந்து போய்வந்திருக்கிறேன். மறு வாரம் அவரை வகுப்புக்கு அழைத்து நாற்காலி போட்டோம். அவர் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் கேட்கக் கேட்கத் தம் தொழிலைச் சொன்னார். தண்டல்காரரிடம் 5,000 ரூபாய்க்கு எழுதிக்கொடுத்தால் கையில் வருவது 4,500. நாளுக்கு 50 வீதம் 100 நாளில் அடைக்க வேண்டும். 500 ரூபாய்தானே வட்டி, பத்திலொரு பங்குதானே என்றான் ஒருவன். நாளுக்கு நாள் முதல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் கையிலிருந்த பணம் 2,250 ரூபாய்தான் என்றும், அதற்கு 100 நாளில் 500 என்றால் ஆண்டு வட்டி 100க்கு 80ஐத் தாண்டுகிறதென்றும் கண்டுபிடிக்க அந்த வகுப்புக்கு இரண்டு பாடவேளை ஆயிற்று. தனிவட்டிக் கணக்கை அவ்வளவு சிரத்தையோடு நான் எந்த ஆண்டிலும் நடத்தியதில்லை. மிட்டாயைச் சிறிதாக்கலாமா என்று அந்தப் பையன் மெதுவாகக் கேட்டபோது, ஆச்சி, "நாளைக்கும் நீதானடே வாங்கணும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

அடுத்த ஆண்டுச் சந்தைக்குப் பிள்ளைகள் பண்டத்தைத் தேடவில்லை. ஆச்சியிடம் போய் அவருக்கு என்ன வேண்டுமென்று கேட்டார்கள். அச்சடித்த பழைய செய்தித்தாளில் தின்பண்டம் கட்டக் கூடாதென்று சுகாதார அதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்ததால், அவருக்கு வேண்டியிருந்தது வெறுங் காக்கித்தாளில் செய்த கூம்புப் பொட்டலம். தாளுக்கும் மைதாப் பசைக்கும் 70 ரூபாய் செலவு செய்து 200 பொட்டலம் ஒட்டினார்கள். ஒன்று 50 காசு என்றார்கள். ஆச்சி பேரம் பேசி 40 காசுக்கு இறக்கினார். ஒரு வாரங்கழித்து, பசை விட்டுப்போன 12 பொட்டலங்களைத் தனியே கட்டிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்து, 75 ரூபாயை எண்ணிக் கொடுத்து, "20 காசு சில்லறை இல்லடே" என்றார். பிள்ளைகள் அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஒட்டியவன் கையெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, பீடி சுற்றும் தாயின் மகள் பேரேட்டை எடுத்து, விற்பனை 80 என்றும், திரும்பி வந்தவற்றுக்குக் கழிவு 4 ரூபாய் 80 காசு என்றும், தள்ளுபடி 20 காசு என்றும், செலவு 70 என்றும் வரிசையாக எழுதினாள். லாபம் 5 ரூபாய் என்று எழுதி, ஒரு கணம் பேனாவை நிறுத்தி, பக்கத்திலேயே சிவப்பு மையில், "எங்கள் கூலி நீங்கலாக" என்று சேர்த்தாள்.